புனித அந்தோணியார் படகின் வழக்கு

2021ஆம் ஆண்டு ஜூன் மாதம். கொள்ளைநோயின் இரண்டாம் அலை இன்னும் ஓயவில்லை. ஊரடங்கினால் கோவில் கதவுகள் மக்களுக்கு அடைபட்டிருந்தன. பழவேற்காட்டு ஏரிக்கரையில் நாம் பணியாற்றிய பங்கில், மாலை வேளைகளில் செபமாலையைத் தனியே சொல்லியவாறு கரையோரம் நடப்பது நமக்கு வழக்கமாகியிருந்தது. அப்படி நடந்த ஒரு மாலையில், கிழிந்த வலையைச் சீர்செய்துகொண்டிருந்த முதியவர் ஒருவர் நம்மை நிறுத்தினார்.

"சாமி, அந்தோணியார் போட்டுல ரெண்டு பேரைக் கப்பல்காரன் சுட்டானே, அந்தக் கேசு முடிஞ்சிபோச்சின்னு டிவியில சொல்றாங்க. எந்தக் கோர்ட்டுல விசாரிச்சாங்க? நம்ம ஆளுங்க யாரு போயி சாட்சி சொன்னாங்க?"

எளிய கேள்விதான். ஆயினும் நமக்கு உடனே விடை கூற இயலவில்லை. கொல்லம், கொச்சி, தில்லி, ஹாம்பர்க், தி ஹேக், உரோமை என்று ஊர்ப் பெயர்களை அடுக்கலாம். ஆனால், அவர் கேட்ட பொருளில் "அங்கே விசாரித்தார்கள்" என்று சொல்லத்தக்க ஊர் அவற்றுள் ஒன்றுகூட இல்லை. அதனை அவருக்கு விளங்கவைக்க நமக்கு மூன்று மாலைகள் பிடித்தன. அன்று அவருக்குச் சொன்னவற்றையும், அதன்பின் நிகழ்ந்தவற்றையும் சேர்த்து வாசகர்களுக்கு இங்கே வைக்கிறோம்.

மேற்குக் கரையில் நிகழ்ந்த ஒன்று கிழக்குக் கரையின் முதியவரை ஏன் பத்தாண்டுகளாக உறுத்த வேண்டும் என்று எவரேனும் கேட்கலாம். பழவேற்காடு வெளிநாட்டுக் கப்பல்களைக் கண்டு பழகிய கரை. போர்த்துக்கீசியர் வந்தனர், 1613இல் கெல்திரியாக் கோட்டையை எழுப்பிய டச்சுக்காரர் வந்தனர், அவர்களின் கல்லறைகள் இன்றும் ஊருக்குள் இருக்கின்றன. இன்றோ தெற்கே எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் துறைமுகங்கள் எழுந்துள்ளன. முகத்துவாரம் கடந்து கடலுக்குள் செல்லும் நம் ஃபைபர் படகுகள், மலைபோல் நகரும் கப்பல்களுக்கு இடையேதான் வலை விரிக்க வேண்டியுள்ளது. 2017 ஜனவரி 28 அதிகாலையில் எண்ணூருக்கு அப்பால் இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தபோது, அந்தக் கரிய குழம்பை வாளி வாளியாக அள்ளியவர்களுள் மீனவர்களும் இருந்தனர். கப்பலுக்கும் படகுக்கும் இடையே வழக்கு வந்தால் படகின் பக்கம் யார் பேசுவார் என்பது இந்தக் கரையில் ஏட்டுக் கேள்வியன்று.

இனி நிகழ்ச்சிக்கு வருவோம். 2012 பிப்ரவரி 15, மாலை ஏறத்தாழ நான்கரை மணி. கேரளக் கரையிலிருந்து 20.5 கடல் மைல் தொலைவில், அதாவது சுமார் 38 கிலோமீட்டர் அப்பால், 'செயின்ட் ஆன்டனி' என்னும் மீன்பிடிப் படகு கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. இத்தாலியக் கொடி தாங்கிய 'என்ரிக்கா லெக்சி' என்னும் எண்ணெய்க் கப்பல் அவ்வழியே சென்றது. சோமாலியக் கடற்கொள்ளையரின் அச்சம் இந்துமாக்கடலை ஆட்டிப் படைத்த ஆண்டுகள் அவை. வணிகக் கப்பல்களில் தன் கடற்படை வீரர்களைக் காவலுக்கு அமர்த்த இத்தாலி 2011இல் சட்டம் இயற்றியிருந்தது; அதன்படி இக்கப்பலில் ஆறு வீரர்கள் இருந்தனர். கப்பலிலிருந்து துப்பாக்கிகள் முழங்கின. படகை ஓட்டிக்கொண்டிருந்த கொல்லத்து மீனவர் வாலண்டைன் ஜெலஸ்டினும், முன்பக்கத்தில் இருந்த குமரி மாவட்டத்து இளைஞர் அஜீஷ் பிங்க்கும் குண்டு பாய்ந்து இறந்தனர்.

படகு தாங்கியிருந்த பெயரை எண்ணிப் பார்க்கிறோம். நம் மீனவர்கள் கடலில் எதைத் தொலைத்தாலும் கூவியழைப்பது பதுவை நகர் அந்தோணியாரைத்தான். பதுவை இத்தாலியில் இருக்கிறது. இறந்தவர்கள் கத்தோலிக்கர், சுட்டவர்களின் நாடும் கத்தோலிக்க நாடு. இது வழக்கின் சட்டத்துக்குப் புறம்பானதுதான். எனினும் நம் மக்களின் மனத்துக்குப் புறம்பானதன்று.

தொடக்கத்தில் எல்லாம் சட்டம் வகுத்த முறைப்படியே விரைந்து நடந்தன. கொல்லம் மாவட்டத்து நீண்டகரை கடலோரக் காவல் நிலையத்தில் கொலைக் குற்றப் பிரிவின்கீழ் முதல் தகவல் அறிக்கை பதிவாயிற்று. கடலோரக் காவல் படை கப்பலைக் கொச்சிக்கு வரச்செய்தது. பிப்ரவரி 19ஆம் நாள் மாசிமிலியானோ லத்தோரே, சால்வத்தோரே ஜிரோனே என்னும் இரு வீரர்கள் கைது செய்யப்பட்டனர். கப்பல் சோதனையிடப்பட்டு, துப்பாக்கிகள் திருவனந்தபுரம் தடயவியல் கூடத்துக்கு அனுப்பப்பட்டன. மே 18ஆம் நாள் குற்றப்பத்திரிகை தாக்கலாயிற்று. கொலை, கொலை முயற்சி ஆகியவற்றோடு, கடற்பயணப் பாதுகாப்புக்கு எதிரான செயல்களைத் தண்டிக்கும் 2002ஆம் ஆண்டின் தனிச் சட்டமும் அதில் சேர்க்கப்பட்டிருந்தது. மூன்றே மாதங்களில் இவ்வளவும் நடந்தேறின. நம் நாட்டு வழக்குகளின் வேகத்தை அறிந்தவர்கள் வியப்பார்கள்.

குற்றப்பத்திரிகைக்குப் பின் வரவேண்டியது என்ன என்பதை இங்கே சொல்லிவிடுவது நலம். நம் மக்களுள் பலர் கைதையே தண்டனை என்றும், பிணையையே விடுதலை என்றும் எண்ணுகின்றனர். நீதிமன்றம் குற்றச்சாட்டை வனைந்து எதிரிக்குப் படித்துக் காட்ட வேண்டும். அரசுத் தரப்புச் சாட்சிகள் கூண்டேறி ஆணையிட்டுச் சொல்ல வேண்டும். எதிரியின் வழக்கறிஞர் அவர்களைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். பின்னர் எதிரி தன் பக்கத்தைச் சொல்ல வேண்டும். இவ்வளவும் முடிந்த பின்னரே தீர்ப்பு. இது வெறும் சடங்கு அன்று. இறந்தவனுக்காகப் பேச உயிரோடிருப்பவனுக்கு வாய்ப்பளிப்பதும், குற்றம் சாட்டப்பட்டவனுக்குத் தன் குற்றமின்மையை நிலைநாட்ட வழிவிடுவதும் இந்த ஒரே இடத்தில்தான்.

இவ்வழக்கில் அதற்கான தேவை மிகுதியாகவே இருந்தது. படகு கப்பலை நோக்கி வந்தது என்றும், எச்சரிக்கை அடையாளங்களைக் காட்டியும் விலகவில்லை என்றும், கொள்ளையர் என்று ஐயுற்றே சுட்டதாகவும் ஒரு தரப்பு கூறியது. எச்சரிக்கை ஏதுமில்லை, பெரும்பாலோர் உறங்கிக்கொண்டிருந்தோம் என்றனர் படகிலிருந்தோர். எத்துப்பாக்கியிலிருந்து எக்குண்டு பாய்ந்தது என்பதிலும் கருத்து வேறுபாடு இருந்தது. இவற்றுள் எது மெய் என்று நாம் கூறமாட்டோம். கூறும் தகுதியும் நமக்கில்லை. அதை ஆய்ந்து கூறத்தான் நீதிமன்றம்.

ஆனால் அதற்கு முன் இன்னொரு கேள்வி வாசலை அடைத்துக்கொண்டு நின்றது: இந்த வழக்கை விசாரிக்கும் அதிகாரம் யாருக்கு?

இக்கேள்வி நமக்குப் புதியதன்று. நம் ஆண்டவரின் பாடுகளில் லூக்கா நற்செய்தியாளர் மட்டும் குறிப்பிடும் ஒரு நிகழ்ச்சி உண்டு. இயேசு கலிலேயர் என்று கேள்விப்பட்டவுடன், அவர் ஏரோதின் ஆட்சி எல்லைக்கு உட்பட்டவர் என்று கூறிப் பிலாத்து அவரை ஏரோதிடம் அனுப்புகிறான். ஏரோது எள்ளி நகையாடித் திருப்பி அனுப்புகிறான். எல்லை பற்றிய அக்கறை இருவருக்கும் இருந்தது. உண்மை பற்றிய அக்கறை எவ்வளவு இருந்தது என்பது வேறு செய்தி. குருமடத்தில் இப்பகுதியைப் படித்த நாளில் இதை ஒரு துணைக்கதை என்றே எண்ணினோம். இவ்வழக்கைத் தொடர்ந்து படித்த பிறகு அப்படி எண்ணவில்லை.

இத்தாலியின் வாதம் இது: கப்பல் இத்தாலியக் கொடி தாங்கியது, நிகழ்ச்சி இந்தியாவின் ஆட்சிக்கடலுக்கு வெளியே நடந்தது, வீரர்களோ தம் அரசின் பணியில் இருந்தவர்கள், எனவே அவர்களை இத்தாலிய நீதிமன்றமே விசாரிக்கலாம். இந்தியாவின் வாதம் இது: படகு இந்தியப் படகு, இறந்தவர் இந்தியர், குண்டு பாய்ந்த இடம் இந்தியப் படகின் மேல்தளம். 1926இல் 'லோட்டஸ்' என்னும் பிரெஞ்சுக் கப்பல் துருக்கியக் கப்பலொன்றில் மோதி எண்மர் இறந்தனர். பிரெஞ்சு அதிகாரியை விசாரிக்கத் துருக்கிக்குத் தடையில்லை என்று அந்நாளைய பன்னாட்டு நீதிமன்றம் 1927இல் கூறியது. அதுவும் நீதிபதிகள் சரிபாதியாய்ப் பிரிந்து, தலைவரின் கூடுதல் வாக்கினால் கிடைத்த தீர்ப்புதான். கடலில் எல்லைக்கல் நடுவது எக்காலத்திலும் எளிதாக இருந்ததில்லை.

கேரள உயர் நீதிமன்றம் 2012 மே 29இல் இத்தாலியின் மனுவைத் தள்ளுபடி செய்தது. மறுநாள் வீரர்களுக்குப் பிணை வழங்கியது. அதற்கு முன்பே, ஏப்ரல் மாதத்தில் வேறொன்று நடந்திருந்தது. இறந்த இருவரின் குடும்பங்களுக்கும் இத்தாலிய அரசு தலா 1 கோடி ரூபாயும், படகு உரிமையாளருக்கு 17 லட்சமும் வழங்கிற்று. அவர்களும் தாம் தொடுத்த வழக்குகளிலிருந்து விலகிக்கொண்டனர். உச்ச நீதிமன்றம் இந்த உடன்பாட்டைக் கடுமையாகக் கண்டித்தது. குற்ற வழக்கு அரசுக்கும் எதிரிக்கும் இடையிலானது. இறந்தவனின் வீட்டார் பணம் பெற்றுக்கொண்டதால் அது மறையாது.

அக்குடும்பங்களைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. கடலில் கணவனையோ சகோதரனையோ இழந்த வீட்டின் அடுப்பு எப்படி எரியும் என்பதைப் பங்குத்தந்தையர் அறிவோம். மன்னிப்பது பெற்றவளின், மனைவியின் உரிமை. அதை எவரும் கேள்வி கேட்க இயலாது. ஆயினும் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். எதை மன்னிக்கிறோம் என்பது தெரிந்த பின்னரே மன்னிப்பு முழுமையடையும். ஒப்புரவு அருட்சாதனத்தில் பாவ அறிக்கை முன்னும் பாவ மன்னிப்புப் பின்னுமாக இருப்பது தற்செயலன்று.

திருச்சபையும் இவ்வழக்கில் தடுமாறிய ஒரு தருணம் உண்டு. 2012 பிப்ரவரி 18ஆம் நாள், அதாவது துப்பாக்கிச் சூட்டுக்கு மூன்று நாள் கழித்து, கேரளத்தின் சீரோ மலபார்த் திருச்சபைத் தலைவர் ஜார்ஜ் ஆலஞ்சேரி உரோமையில் கர்தினாலாக உயர்த்தப்பட்டார். அவசர நடவடிக்கை வேண்டாம் என்று கேரளத்தின் கத்தோலிக்க அமைச்சர்களிடம் அவர் பேசியதாக 'ஃபீதெஸ்' செய்தி நிறுவனம் வெளியிட, கரையெங்கும் கொந்தளிப்பு எழுந்தது. தாம் அவ்வாறு கூறவில்லை என்று கர்தினால் மறுத்தார். செய்தி நிறுவனமும் அச்செய்தியைத் திரும்பப் பெற்றது. அத்தோடு அது முடிந்தது என்றே கொள்வோம். ஆனால் பொய்யாய்ப்போன அச்செய்தியை மீனவ மக்கள் அவ்வளவு எளிதில் நம்பினார்களே, அது ஏன்? இந்தக் கேள்வியைக் குருக்களாகிய நாமே நம்மிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

2013 ஜனவரி 18இல் தலைமை நீதிபதி அல்தமாஸ் கபீர், நீதிபதி செலமேஸ்வர் ஆகியோர் அடங்கிய உச்ச நீதிமன்ற ஆயம் தீர்ப்பு வழங்கிற்று. மாநிலத்தின் அதிகாரம் 12 கடல் மைல் வரையே செல்லும். நிகழ்ச்சியோ அதற்கு வெளியே, 24 கடல் மைல் வரை நீளும் அடுத்த மண்டலத்தில் நடந்தது. ஆகவே கேரளத்துக்கு அதிகாரம் இல்லை. மைய அரசு, இந்தியத் தலைமை நீதிபதியைக் கலந்து, தனி நீதிமன்றம் ஒன்றை அமைத்து விசாரிக்கலாம். இந்தக் கணக்கை நம் முதியவருக்கு விளக்குவதே பெரும்பாடாயிற்று. நம் மீனவர் கடலைப் பாகக் கணக்கில் ஆழம் பார்த்து அறிவர். எந்தப் பாகத்தில் கேரளம் முடிந்து இந்தியா தொடங்குகிறது என்பதை எந்த ஈயக்குண்டும் சொல்லாது.

அதன்பின் நடந்தவை நாடகத்தை ஒத்தன. முன்பு 2012ஆம் ஆண்டுக் கிறிஸ்து பிறப்பு விழாவுக்காக, 6 கோடி ரூபாய் வங்கி உறுதியின் பேரில் தாயகம் சென்ற வீரர்கள் சொன்னபடி திரும்பியிருந்தனர். 2013 பிப்ரவரியில் தேர்தலில் வாக்களிக்கவென்று நான்கு வாரம் மீண்டும் அனுமதி பெற்றுச் சென்றனர். மார்ச் 11ஆம் நாள், அவர்கள் திரும்பமாட்டார்கள் என்று இத்தாலி அறிவித்தது. உறுதிமொழி அளித்திருந்த தூதர் டானியேலே மன்சினி நாட்டைவிட்டு வெளியேறலாகாது என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. மார்ச் 22இல் வீரர்கள் திரும்பி வந்தனர். அதை எதிர்த்து இத்தாலிய வெளியுறவு அமைச்சர் ஜூலியோ தெர்ஸி பதவி விலகினார். இரு நாட்டு நாளேடுகளும் இச்செய்திகளால் நிறைந்தன. ஜெலஸ்டின், அஜீஷ் என்னும் பெயர்கள் அந்நாட்களில் எத்தனை முறை அச்சேறின என்று தேடிப் பார்த்தால் வருந்துவோம்.

வழக்கு தேசியப் புலனாய்வு முகமையிடம் சென்றது. கடற்பயணப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மரண தண்டனைக்கு இடமுண்டு என்பதால் இத்தாலியும் ஐரோப்பிய நாடுகளும் எதிர்த்தன. 2014 பிப்ரவரியில் மைய அரசு அச்சட்டத்தைக் கைவிட்டது. அச்சட்டம் இல்லையெனில் அம்முகமைக்கு அதிகாரம் உண்டா என்பது அடுத்த வாதம். மார்ச் 28இல் விசாரணை நிறுத்திவைக்கப்பட்டது. கப்பலிலிருந்த மற்ற நான்கு வீரர்களின் வாக்குமூலம் காணொளி வழியாகவே பெறப்பட்டது. லத்தோரே பக்கவாத நோயுற்று 2014 செப்டம்பரில் ஊர் திரும்பினார். ஜிரோனே தில்லியில், தம் நாட்டுத் தூதரகத்தில் தங்கியிருந்தார்.

குற்றம் சாட்டப்பட்டோரின் நிலையையும் நீதியோடு நோக்க வேண்டும். குற்றவாளி என்றோ குற்றமற்றவர் என்றோ எவரும் சொல்லாத நிலையில் ஆண்டுக்கணக்கில் அயல்நாட்டில் காத்திருப்பதும் ஒரு தண்டனையே. செசரியாவில் பவுலடியாரைப் பேலிக்சு ஈராண்டு சிறையில் வைத்திருந்து, தீர்ப்புக் கூறாமலே பதவி மாறிச் சென்றதைத் திருத்தூதர் பணிகள் நூலில் வாசிக்கிறோம். அடுத்து வந்த பெஸ்து, குற்றம் சாட்டியவர்களை நேருக்கு நேர் காணும் வாய்ப்பின்றி எவரையும் ஒப்புவிப்பது உரோமையர் வழக்கமன்று என்று பெருமையாகக் கூறுகிறான். அந்த உரோமை வழக்கம் இரு தரப்புக்கும் பொது. படகில் உயிர் தப்பியவர்களும் இவ்வீரர்களும் ஒரே நீதிமன்றத்தில் எதிரெதிரே நின்றிருந்தால் எவர் சொல் நின்றிருக்கும் என்பது கடைசிவரை தெரியாமலே போயிற்று.

2015 ஜூனில் இத்தாலி பன்னாட்டு நடுவர் மன்றத்தை நாடியது. ஆகஸ்டு 24இல் ஹாம்பர்க்கிலுள்ள கடற்சட்டத் தீர்ப்பாயம், இரு நாடுகளும் தத்தம் நீதிமன்ற நடவடிக்கைகளை நிறுத்திவைக்க வேண்டும் என்று கட்டளையிட்டது. 2016 மே மாதத்தில் உச்ச நீதிமன்ற அனுமதியோடு ஜிரோனேயும் தாயகம் சென்றார். பின்னர் ஐவர் கொண்ட நடுவர் மன்றம் தி ஹேக் நகரில் வழக்கை ஆய்ந்தது. 2020 மே 21 தேதியிட்ட அதன் தீர்ப்பு ஜூலை 2இல் வெளியாயிற்று.

அத்தீர்ப்புக்கு இரு முகங்கள். படகின் கடற்பயணத்தில் குறுக்கிட்டு இத்தாலி பன்னாட்டுக் கடற்சட்டத்தை மீறியது. உயிரிழப்புக்கும், உடற்காயத்துக்கும், பொருட்சேதத்துக்கும், படகிலிருந்தோர் பட்ட மனவேதனைக்கும் இந்தியா இழப்பீடு பெற உரியது என்பது ஒரு முகம். சுடும்போது வீரர்கள் தம் அரசின் அலுவலர் என்ற முறையில் செயல்பட்டதால் அயல்நாட்டு நீதிமன்றத்திலிருந்து அவர்களுக்கு விலக்குரிமை உண்டு. இந்தியா அவர்களை விசாரிக்கலாகாது என்பது மறு முகம். இந்த இரண்டாவது முடிவில் மூவர் ஒருபுறமும் இருவர் மறுபுறமுமாகப் பிரிந்தனர். மறுத்த இருவருள் ஒருவர் இந்தியா நியமித்த நடுவர் பி.எஸ். ராவ். தன் நாட்டில் குற்றப் புலனாய்வைத் தொடர்வதாக இத்தாலி அளித்த வாக்கையும் மன்றம் குறித்துக்கொண்டது.

ஒரு நாட்டின் படைவீரனை இன்னொரு நாடு தண்டிக்கத் தொடங்கினால் உலகில் பூசல்கள் பெருகும் என்னும் அச்சத்திலிருந்து பிறந்தது இந்த விலக்குரிமை. அதன் நியாயத்தை நாம் முற்றும் மறுக்கவில்லை; நம் வீரர்களும் பிறநாட்டுக் கடல்களில் காவலிருக்கின்றனர். ஆயினும் வணிகக் கப்பலுக்குக் காவலாய் நின்றவனின் துப்பாக்கிக்கு ஓர் அரசின் மதிப்பு முழுவதும் வந்து சேர, அதன் எதிரே நின்ற மீனவனுக்கு ஒரு குடிமகனின் மதிப்பும் முழுதாய்க் கிட்டவில்லையே என்ற எண்ணத்தை அகற்ற இயலவில்லை.

இத்தாலி 10 கோடி ரூபாய் செலுத்திற்று: குடும்பங்களுக்குத் தலா 4 கோடி, படகு உரிமையாளருக்கு 2 கோடி, முன்பு கொடுத்தவை இதில் சேராது. 2021 ஜூன் 15ஆம் நாள் நீதிபதிகள் இந்திரா பானர்ஜி, எம்.ஆர். ஷா ஆகியோர் அடங்கிய ஆயம், இந்தியாவில் நிலுவையிலிருந்த குற்ற நடவடிக்கைகள் அனைத்தையும் முடித்துவைத்தது. நம் முதியவர் தொலைக்காட்சியில் கண்டது இச்செய்தியைத்தான். அப்போது "இனி உரோமையில் விசாரிப்பார்கள்" என்று அவரிடம் சொன்னோம். அது தவறாயிற்று. 2022 ஜனவரி 31இல் உரோமை நீதிமன்றம், விசாரணைக்குப் போதிய சான்று இல்லை என்ற அடிப்படையில் வழக்கை மூடியது. இவ்வாறாக, பத்தாண்டுகளில் எந்தக் குற்றவியல் நீதிமன்றத்திலும் சாட்சி விசாரணை ஒருநாள்கூட நடைபெறவில்லை.

இதைக் கேட்ட முதியவர் பாட்டு வழக்கை எடுத்துக்காட்டினார். பழவேற்காட்டு ஏரியில் எந்த ஊர் எந்நாள் எவ்விடத்தில் வலை போடலாம் என்று முறை வைத்துப் பங்கிடும் பழைய ஒழுங்குக்குப் 'பாடு' என்று பெயர். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்கள் நெடுங்காலமாக இதைக் காத்து வருகின்றன. முறை தவறி ஒருவன் வலை போட்டான் என்று பிராது வந்தால், ஊர்க்கூட்டத்தில் இரு தரப்பையும் நிறுத்திக் கேட்கிறார்கள். குற்றம் சொன்னவன் முதலில் பேசுகிறான், சொல்லப்பட்டவன் மறுக்கிறான், கண்டவன் சொல்கிறான். "எந்த ஊரு கேசுன்னு சண்டை வந்தா ரெண்டு ஊரு பெரியவங்களும் சேந்து உக்காருவாங்க சாமி. கண்டவனைக் கேக்காம விடமாட்டாங்க" என்றார் அவர்.

ஊர்ப் பஞ்சாயத்தை நாம் உயர்த்திப் பேச வரவில்லை. அதன் குறைகளோடு நாம் மோதியதும் உண்டு. பெண்களின் சொல் அங்கே ஏறுவதில்லை. தண்டம் சில வேளைகளில் குற்றத்தை மிஞ்சிவிடும். உறவும் பகையும் தீர்ப்பில் கலப்பதுண்டு. கொலை வழக்கை ஊர்க்கூட்டம் தீர்க்கட்டும் என்று எவரும் சொல்லார். ஆயினும் இரண்டு ஊர்கள் சேர்ந்து உட்காரலாம் என்ற அந்தச் சொல் நம் நெஞ்சில் தங்கிவிட்டது. இரண்டு நாடுகள், இரண்டின் நீதிபதிகளும் அமர்ந்து, சாட்சிகளைக் கேட்டிருக்க இயலாதா? பன்னாட்டுச் சட்டம் கற்றோர் நம்மைப் பார்த்து நகைக்கக்கூடும். நகைக்கட்டும்.

பின்னிணைப்பாக ஒன்று. படகிலிருந்த மற்ற மீனவர்கள் அந்த 2 கோடியில் தங்களுக்கும் பங்கு வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தை நாடினர். குண்டு அவர்களின் தலைக்கு மேலும் பறந்ததே. 2022 நவம்பரில் ஒன்பது பேருக்குத் தலா 5 லட்சம் வழங்க ஆணை பிறந்தது. படகில் அன்று 14 வயதுச் சிறுவன் ஒருவனும் இருந்தான் என்பது வெகுகாலம் வெளியே தெரியாதிருந்தது. தன் கண்முன் இருவர் வீழ்ந்ததைக் கண்ட அதிர்ச்சியிலிருந்து மகன் மீளவேயில்லை என்றும், 2019இல் அவன் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டான் என்றும் அவனுடைய தாய் முறையிட்டார். சாட்சிக் கூண்டில் ஏறி, தான் கண்டதைப் பெரியவர்கள் முன்னே ஒருமுறை சொல்லும் வாய்ப்பு அவனுக்குக் கிட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நம்மால் கூற இயலாது.

உரோமையில் வழக்கு மூடப்பட்டதை நாம் முதியவரிடம் சொன்னபோது அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ யாரும் கேக்கலியா?" என்றார். "இல்லை" என்றோம். அவ்வாண்டு நவம்பர் 2ஆம் நாள், இறந்த விசுவாசிகள் அனைவரின் நினைவுத் திருப்பலிக்காகக் கடலில் இறந்தோரின் பெயர்ப்பட்டியலை நம்மிடம் கொண்டுவந்து தந்தார். நம் பங்கைச் சேர்ந்தோரின் பெயர்களுக்குக் கீழே, தம் பேரன் கையெழுத்தில், ஜெலஸ்டின், அஜீஷ் என்னும் இரு பெயர்களைச் சேர்த்திருந்தார். அதற்கும் கீழே பெயரின்றி "ஒரு பையன்" என்று எழுதியிருந்தது. எழுதியிருந்தபடியே பலிபீடத்தில் வாசித்தோம்.